நான்காவது மிட்டாய்

எனக்கு மணி பார்க்கத் தெரியாத வயதில், அம்மா வீட்டுக்கு வரும் நேரத்தை மிட்டாயை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது இரண்டாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டினார். வடக்கே போனால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும், சமயத்தில் ஒரு மாதம்கூட ஆகும். அம்மா ஒரகடத்தில் போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் எனக்குத் தலைவாரி முடிப்பதற்குள் கம்பெனி பஸ் வந்து நின்றுவிடும். வாலாஜாபாத் வழியாக அது திரும்பி வந்து அவளை இறக்கிவிட ராத்திரி எட்டு மணியாகும். நான் நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவியால் பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

முதல் வாரம் முழுக்க அழுதேன். அம்மா யோசித்து ஓர் ஏற்பாடு செய்தாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் நான்கு ஆரஞ்சு மிட்டாய்களைப் போட்டு என் கைக்கு எட்டுகிற அலமாரியில் வைத்தாள்.

“வந்ததும் ஒண்ணு. எழுதி முடிச்சா ஒண்ணு. தெருவிளக்கு எரிஞ்சா மூணாவது. பக்கத்து வீட்ல சீரியல் பாட்டு கேட்டுதுன்னா நாலாவதப் போட்டுக்கோ. அது கரையறதுக்குள்ள அம்மா வந்துடுவேன், சரியா பாப்பா?”

சரி என்றேன். அன்றிலிருந்து அழவில்லை. அம்மாவுக்கும் நிம்மதி. பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த அத்தை அவ்வப்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னா மா, இருக்கியா?” என்று கேட்பார். இருக்கிறேன் என்பேன். போய்விடுவார். அவர்கள் வீட்டுத் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை எப்போதும் அவசரத்தில் இருக்கும். தறிச் சத்தம் கேட்கிறவரை யாரோ கூட இருப்பது போலத் தோன்றும். அது நின்று தெருவிளக்கு எரிவதற்கு முன் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் நான் கட்டில்மேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வேன். தரையில் கால் படக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்.

சிக்கல் நான்காவது மிட்டாயில்தான். பல நாள் அது கரைந்து முடிந்த பிறகும் அம்மா வரவில்லை. பஸ் தாமதம், கூடுதல் வேலை என்று ஏதாவது இருந்திருக்கும். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அம்மா சொன்னது சொன்னதுதான். நான்தான் அவசரப்பட்டுத் தின்றுவிட்டேன் என்று முடிவுசெய்தேன். எனவே மெதுவாகக் கரைக்கக் கற்றுக்கொண்டேன். கடிக்கக் கூடாது, நாக்கால் புரட்டவும் கூடாது. இடது பக்கம், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அப்படிச் செய்து ஒரு மிட்டாயை சீரியலின் கடைசிப் பாட்டுவரைக்கும் கொண்டுபோனேன். அம்மா கதவைத் தட்டும்போது வாயில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தால் அன்று நான் ஜெயித்ததாகக் கணக்கு.

ஆறேழு மாதத்தில் இடது பக்கக் கடைவாய்ப்பல்லில் நாக்கு நுனி போய் நிற்குமளவுக்குப் பள்ளம் விழுந்தது. வலியை நான் சொல்லவில்லை. வலது பக்கமே மென்றேன். கடைசியில் ஒருநாள் வகுப்பில் மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டேன். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. டீச்சர் அம்மாவுக்கு போன் செய்தார். கம்பெனியில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் லீவு போட்டாள்.

காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார், இளம் பெண். அவருடைய ஹாலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வெளியே கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களின் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் அம்மாவின் மேல் முழுதாகச் சாய்ந்துகொண்டு, பகல் வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் உரிந்து வெள்ளையாக இருந்தன.

டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, என்ன தின்பாய் என்று என்னிடமே கேட்டார். நாலு மிட்டாய் என்று சொல்லி, கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் வித்தையைச் செய்து காட்டினேன். “சீக்கிரம் தீந்துட்டா அம்மா வராது,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

“நாலையும் ஒரேடியா தின்னுட்டு வாய் கொப்பளிச்சிருந்தா கூட இவ்ளோ ஆயிருக்காது மா,” என்றார் டாக்டர். “விட்டு விட்டுத் தின்னதும், வாய்லயே வெச்சுக்கினு இருந்ததும்தான் பல்ல அரிச்சிருக்குது.” பால் பல்தானே என்று விட முடியாது, முன்னாடியே எடுத்துவிட்டால் பின்னால் முளைக்கிற பல் கோணிக்கொள்ளும் என்றும் சொன்னார். ஆனாலும் சீழ் வைத்துவிட்டதால் அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. பக்கத்துப் பல்லிலும் ஓட்டை ஆரம்பித்திருந்தது. அதை அடைத்துவிட்டு, இனிமேல் பசித்தால் கடலை, கொய்யா, சுண்டல் கொடுங்கள், இனிப்பைச் சாப்பாட்டோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னும் மிட்டாய் தின்னா ஒவ்வொரு பல்லா இப்படி இங்க வரணும், தெரிஞ்சுதா?” என்றார்.

பயமுறுத்தத்தான் சொன்னார். எனக்கு அது வாக்குறுதி போலக் கேட்டது.

ஏனென்றால் பல் பிடுங்கிய அந்த நாள் அப்படி இருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அம்மாவின் மடியில் படுத்திருந்தேன். மத்தியானம் ஆறவைத்த பால்கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள். தறிச் சத்தம் நின்ற அந்தப் பயங்கரமான நேரத்தில் அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்து அரிசி புடைத்தாள். நான் தரையில் காலை ஊன்றி நடந்தேன். அன்று ராத்திரி கண்ணாடிமுன் நின்று என் பற்களை எண்ணிப் பார்த்தேன். நிறைய இருந்தன.

அலமாரி டப்பாவில் மறுநாள் முதல் வறுத்த வேர்க்கடலை இருந்தது. நறுக்கிய வெள்ளரிக்காய் இருந்தது. நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் தின்றேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொள்வேன். தெருவிளக்கு எரிந்ததும் ஒரு சிட்டிகை, சீரியல் பாட்டுக்கு ஒரு சிட்டிகை, படுக்கும்போது ஒன்று. எல்லாம் வலது பக்கக் கன்னத்தில்.

பங்குனி பிறந்த சமயம் எறும்புகள் காட்டிக்கொடுத்தன. ஒருநாள் காலை அம்மா என் தலையணையை உதறினாள். உறைக்குள்ளிருந்து சர்க்கரைப் பொட்டலமும் ஒரு சாரை செவ்வெறும்பும் விழுந்தன. ஏன் என்று கேட்டாள். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

“பல்லு வலிச்சாதான நீ லீவு போடுவ,” என்றேன்.

தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அம்மா சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். இரண்டாவது ஹாரனுக்கு அதை அப்படியே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் காரியம் முடிந்திருந்தது. பத்து நாளில் வலது பக்கப் பல் வலித்தது. ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை ஆசையாக. அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூப்பர்வைசரிடம் தாழ்ந்த குரலில் “கடைசித் தடவை சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. மறுநாள் லீவு போட்டாள். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டேன்.

டாக்டருக்கு என்னை நினைவிருந்தது. இந்தப் பல்லையும் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்து, பஞ்சு வைத்த பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சற்றுச் சலிப்புடன் அம்மாவிடம் கேட்டார். “அன்னைக்கே அவ்ளோ சொன்னேனே மா. கொழந்த வாய்ல இன்னா போவுதுன்னு வீட்ல ஒருத்தர் பாக்க மாட்டீங்களா?”

“என் தப்புதான் மேடம்,” என்றாள் அம்மா. “கேட்டு அழுதுச்சு. நான்தான் குடுத்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் பல்லுக்குப் பிறகு அம்மா ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. எறும்பையும் பொட்டலத்தையும் அதற்குள் மறந்துவிட்டாளா? சரியாகச் சொல்ல வாயைத் திறந்தேன்; பஞ்சு தடுத்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து லேசாக அழுத்தினாள். டாக்டர் சீட்டில் என்னவோ எழுதினார்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு ஜன்னலோர இடம் கொடுக்காமல் அம்மாவே ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். முகத்தை முழுக்க வெளியே திருப்பியிருந்தாள். ஒரு கை கன்னத்தில் இருந்தது. துப்பட்டா நுனியால் ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னொரு தடவை. நான் எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் கை, கண்ணில் தண்ணீர், பேச்சில்லாத வாய். இந்த அடையாளங்கள் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

அம்மாவுக்கும் பல் வலி வந்துவிட்டது. அப்படியென்றால் நாளைக்கும் லீவுதான் என்று நினைத்து, அவள் முழங்கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தேன்.