ஆர் கதைக்கிறது?

அந்த மாகாண சபைத் தேர்தலில் என் அப்பாவுக்கு வாக்கே இல்லை. ஆனால் கண்டியில் அவரளவுக்கு அந்தத் தேர்தலோடு சண்டை பிடித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை வெட்டுவதற்காகக் கண்டிக்கு வந்தார். கண் தெளிந்தது, ஊருக்குப் போகும் பாதை சண்டையால் பூட்டுப்பட்டது. ஹந்தானைச் சரிவில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடியில் என்னோடேயே தங்கிவிட்டார். நான் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே வீட்டுக்காரி, சிங்களப் பெண்மணி. நல்ல மனம், அதைவிட நல்ல காது. மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் என்ன விழுந்தது என்று கீழேயிருந்து கேட்பார்.

அக்கா குடும்பத்தோடு வன்னியில் இருந்தாள். மாதக்கணக்காக அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சண்டை நெருக்கிக்கொண்டிருந்த காலம். எப்படியாவது வெளியே வந்தால் அவள் முதலில் எடுக்கப்போவது எங்கள் வீட்டு எண்ணைத்தான்; அது அவளுக்கு மனப்பாடம். ஆகவே தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிப்பார். மானம் மரியாதையெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய்விட்டது.

அந்தப் பெட்டிக்குள்தான் வேறொருத்தி வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். மணி அடித்தது, அப்பா பாய்ந்து எடுத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு பெண்குரல், தேனும் பாலும் கலந்து, "வணக்கம்" என்றது. தேயிலைத் தோட்டத்து மக்களை ஏமாற்றியவருக்கா உங்கள் பொன்னான வாக்கு என்று கேட்டது.

"ஆர் கதைக்கிறது?" என்றார் அப்பா.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும். நீர் ஆர்? எவடம்?"

எங்கள் ஆட்களுக்கு இந்த 'எவடம்' இல்லாமல் ஒரு பேச்சும் தொடங்காது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்போம், தெருவைச் சொன்னால் யாருடைய மகள் என்று கேட்போம். பிறகுதான் வந்த காரியம். அப்பா இரண்டு தரம் ஊர் கேட்டார். அவள் ஊர் சொல்லவில்லை. சிந்தித்து வாக்களியுங்கள், நன்றி, வணக்கம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"வளர்ப்புச் சரியில்லை" என்றார் அப்பா.

அது பதிவு செய்த குரல், மெஷின் எடுத்து மெஷின் வைக்கிறது என்று நான் விளங்கப்படுத்தினேன். அப்போதுதான் அவருக்கு உண்மையில் கோபம் வந்தது.

"அப்ப மொட்டைக் கடிதம் எண்டு சொல்லு" என்றார். கையெழுத்து இல்லாமல் வந்த மொட்டைக் கடிதம் ஒன்றையும் கச்சேரியில் தன் மேசையைத் தாண்ட விட்டதில்லை என்பது அவர் பெருமை. "அதையெண்டாலும் கிழிக்கலாம். இவளை என்ன செய்யிறது?"

அவர் கோபத்துக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. வடக்கிலிருந்து வந்தவர் என்பதால், கண்டியில் தங்குவதற்கு அவர் பொலிஸில் பதிந்திருந்தார். வாவிக்கரையில் நடக்கப் போனாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். பெயர் என்ன, சொந்த இடம் எது, இங்கே ஏன் வந்தாய், எப்போது போவாய். அவரும் பொறுமையாகச் சொல்லுவார். கண்ணையும் திறந்து காட்டுவார்.

"என்னட்டைப் பெயர் கேளாத சந்தி இந்தக் கண்டியில இல்லை" என்றார். "இவள் பெயருமில்லை, அட்டையுமில்லை, நேரா வீட்டுக்குள்ள வந்து நிக்கிறாள்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அடுத்த நாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். ஒவ்வொரு கட்சிக் காரியாலயமாக ஏறி அந்தக் குரல் யாருடையது என்று விசாரித்தார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் எதிர்க்கட்சிக்காரனைக் கைகாட்டினார்கள். ஓரிடத்தில் அவருக்குத் தொப்பி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை நான் கரித்துணியாக்கினேன்.

பிறகொரு நாள், அந்தக் குரல் ஏசிக்கொண்டிருந்த வேட்பாளரின் ஆளே படியேறி வந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், நடுத்தர வயது, கையில் நோட்டீஸ் கட்டு. அப்பா கதவிலேயே மறித்தார்.

"அந்த ரெலிபோன்காரி உங்கட ஆளோ?"

"ஐயோ, இல்லீங்க ஐயா. அது எங்களைத்தாங்க திட்டுது. நாங்க மூஞ்சியக் காட்டித்தான் வோட்டுக் கேக்குறோம்."

"நல்லது. நீங்கள் ஆர், எவடம்?"

மனிதர் நின்றபடியே பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், வரிசை வீடான லயத்தில் எந்தக் காம்பரா என்பது வரை ஒப்புவித்தார். அப்பாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என்னைத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

"எனக்கு இஞ்சை வோட் இல்லை. இருந்தால் உங்களுக்குத்தான்."

"வோட்டு இல்லாதவங்கதாங்க எங்கள உட்கார வச்சுப் பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

தேர்தல் நெருங்க நெருங்க அந்தக் குரலின் வருகையும் கூடியது. அப்பா தனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்தார். எடுத்தவுடன் "ஆர் கதைக்கிறது?" என்பார். இரைச்சல் மட்டும் கேட்டால், அவள் வாயைத் திறக்க முன்பே ரிசீவரை அடித்து வைப்பார். ஒவ்வொரு தரமும் தேர்தலில் வென்றுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் ஏன் அந்தக் கதிரையில் காத்திருக்கிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார் போலிருந்தது.

"அப்பா, அக்கா எடுத்து, லைன் சரியில்லாமல் இரைஞ்சால்?"

"என்ரை பிள்ளை பெயர் சொல்லித்தான் கதைக்கும். நான் அப்பிடித்தான் வளர்த்தனான்."

"உங்கட சட்டத்தைக் கொண்டுபோய்க் கச்சேரியில வையுங்கோ" என்று கத்தினேன். அன்று முழுதும் இருவரும் பேசவில்லை. அந்த ரெலிபோன்காரி மட்டும் வந்து பேசிவிட்டுப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் கதைக்கிறது?" என்றார் அப்பா.

நான் ஈரக் கையோடு ஓடி வந்தேன். இரைச்சல் மட்டுமே கேட்க, ரிசீவர் அவர் காதைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஆத்திரம், வாயை அதற்குக் கிட்டக் கொண்டுபோய், "பெயரைச் சொல்லிப்போட்டுக் கதை!" என்று கத்தினார்.

இரைச்சலுக்குள்ளிருந்து மிக மெல்லிய குரல் வந்தது.

"பெயர் கேக்காதேங்கோ அப்பா."

பிறகு, வாழ்நாளில் குரலைத் தாழ்த்தி அறியாத அந்த மனிதர், காற்றுப் போல, "இல்லை, இல்லை, கேக்கேல்லை. நீ கதை, நீ கதை" என்றார்.

அக்கா ஆட்கள் வவுனியாவில், இராணுவக் காவல் போட்ட முகாமுக்குள் இருந்தார்கள். முகாமில் தொலைபேசி வைத்திருக்கக் கூடாது. யாரோ ஒளித்து வைத்திருந்த போனில், போர்வைக்குள் இருந்து பேசினாள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்றாள். ஒருவரிடமும் சொல்ல வேண்டாம், போன் தந்தவருக்கு ஆபத்து என்றாள். அதோடு லைன் அறுந்தது.

அப்பா கதிரையில் விழுந்து, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரி மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, யார் எடுத்தது, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்பா முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எலெக்ஷன் கோல், நோனா" என்றார்.

வீட்டுக்காரி அவரையும் தொலைபேசியையும் பார்த்தார். எங்கள் அக்கா விஷயம் அவருக்குத் தெரியும். "அதற்காக அழுவார்களா மாத்தயா?" என்றார் மெதுவாக. "எனக்கும்தான் வருகிறது. பெயர் சொல்லாமல் பேசுகிறவர்கள் சொல்வதை நம்பக் கூடாது."

"இல்லை நோனா" என்றார் அப்பா. "நான் நம்புகிறேன்."