மேகம் சுண்டிவிட்ட நாணயம் அல்ல

கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையம். கூரையில் சோலார் பேனல், உள்ளே தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ், நடுவே ஒரு பேட்டரி. அது இரண்டு நாள் மூட்டம் தாங்கும். மூன்றாம் நாளும் வெயில் வராவிட்டால் மருந்து கெட்டுவிடும். இயந்திரம் எப்போது கைவிடும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ‘தாங்கும்’ என்று நான் கையெழுத்திட்டால், கீழேயிருந்து ஜீப்பில் வரும் ஐஸ் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

நான் போடவில்லை.

பேனல் மாட்டிய கம்பெனியின் மேனேஜர் செல்போனில் தன் கணக்கைக் காட்டினார். கீழே சமவெளியில், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து வெயில். ஒரு நாள் மூட்டம் போடும் நிகழ்தகவை எடு. அதே எண்ணால் பெருக்கு, மறுபடி பெருக்கு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் மூட்டமா? நடக்கவே நடக்காது.

“இதுக்கு மேல இன்னா வேணும் மேடம்?”

“எதை நம்பிப் பெருக்கினீங்க?”

“புக்குல இருக்கிறதுதான். சார்பற்ற நிகழ்ச்சி.”

சார்பற்ற. அந்தச் சொல்லோடுதான் என் சண்டை. நாணயம் சார்பற்றது, நேற்று தலை விழுந்ததா பூ விழுந்ததா என்று அதற்கு ஞாபகமில்லை. மலைமேகத்துக்கு ஞாபகம் உண்டு. நேற்றைய ஈரத்தின்மேல் படுத்துத்தான் அது இன்றும் புரள்கிறது. மூட்டத்தில் சாமைக் கொல்லை காணாமல் போய், வெள்ளிமலை பஸ் பட்டப்பகலில் விளக்கெரித்து வளைவில் ஊர்ந்து வரும்போது, நாளைக்காக நாணயம் சுண்டுவது திமிர்.

பஞ்சு கத்தரித்துக்கொண்டிருந்த நர்ஸ் தலை நிமிராமல் சொன்னார்: “இங்க மூட்டம்னா எங்க மாமியார் மாதிரி சார். வந்தா ஒரு நாள்ல கெளம்பாது.”

மேனேஜர் சிரித்தார். “மாமியாரை எப்படி சிஸ்டர் கணக்குல சேக்கறது?”

“சேக்கலாம் சார்,” என்றேன். “நேத்து இருந்தாங்கன்னா இன்னிக்கும் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அந்த எண்ணைப் போட்டுப் பெருக்குங்க.”

பெருக்கினார். இந்தத் தடவை வந்த எண் சின்னதாக இல்லை. செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“சராசரிக்குப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஒருத்தர்தான் குறுக்க நிக்கிறீங்க.”

“நிக்கிறேன்.”

“வேற ஆளக் கூட்டியாந்து கையெழுத்து வாங்கிக்குவோம்.”

“வாங்குங்க. அவருக்கும் இந்த மாமியார் கணக்க அனுப்பி வைக்கிறேன்.”

மருந்து சராசரியில் கெடுவதில்லை. ஏதோ ஒரு புதன்கிழமை கெடும். அன்று ஒருத்தி கைக்குழந்தையோடு மேடேறி வந்திருப்பாள். அவளிடம் போய் எந்தச் சராசரியைக் காட்டுவது?

வேறு ஆள் வரவில்லை. கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே, ஜீப்பில் இரண்டாவது பேட்டரி வந்தது. அப்புறம்தான் கையெழுத்து.

அந்த மழைக்காலத்தில் மூட்டம் வந்தது. உட்கார்ந்தது. இரண்டு நாளைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. வெயில் திரும்பிய காலை நர்ஸ் போன் செய்தார்: “மாமியார் இப்பதான் பஸ் ஏறுனாங்க மேடம். மருந்தெல்லாம் நல்லா இருக்குது.”

அடுத்த தடவை பார்த்தபோது மேனேஜருக்கு மனத்தாங்கல் தீரவில்லை. “ஒண்ணுமே ஆவலியே மேடம். இன்னாத்துக்கு அந்த ரெண்டாவது பேட்டரி?”

“ஒண்ணும் ஆவாம இருக்கத்தான் சார்.”