அவர் வாங்கி வைத்த ப்ராசசர்

திருப்பூரில் சன்னல் வலையைப் பார்த்தே பக்கத்துப் பனியன் யூனிட்டில் என்ன நிறத் துணி வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். போன வாரம் முழுக்க எங்கள் சன்னல் கருநீலமாக இருந்தது. இன்று ரோஸ். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் கோலம் போடலாம். நான் தெற்கே தேரிக்காட்டுச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்தவள், புழுதிக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் நம் ஊர்ப் புழுதிக்கு ஒரு நியாயம் உண்டு. காற்றடித்தால் எழும்பும், காற்று நின்றால் படுத்துவிடும். இந்த ஊர்ப் பஞ்சுக்கு அதெல்லாம் கிடையாது. காற்றே இல்லாத மத்தியானத்திலும் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர்க் குடத்தின் மூடியில், தலையணையில், மூக்குக்குள் என்று அது போகாத இடமில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது மிகையாகத் தெரியலாம். இங்கே வந்து இரண்டு நாள் தங்கிப் பாருங்கள்.

பஞ்சைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்க இந்த ஊர் ராயபுரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கார்த்தி விலையைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேசவில்லை.

"ஊட்டுல மெஷின் ஓடுதுங்களாக்கா?" என்றுதான் கேட்டார்.

"இனிமேதான் வாங்கணும். அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றேன் நான், கொஞ்சம் எரிச்சலோடு.

"அய்யோ, அதில்லீங்க. தையல் மெஷினுங்க. பஞ்சு பறக்குமுங்களா? இந்த ஊர்ல கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சுத்தானுங்க சாவு வரும்."

சிரிப்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார். சாவு என்ற சொல்லை அப்போதெல்லாம் யார் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வராது. என் கணவர் மிக்கேல் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கட்டிங் இன்சார்ஜ். நான் மார்க்கர் போடுகிறவள். ஒரு பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியில் எப்படி நெருக்கி வைத்தால் வீண் குறையும் என்று கம்ப்யூட்டரில் அடுக்கிக் கொடுப்பதுதான் மார்க்கர். நான் அடுக்கியதை அவர் வெட்டுவார். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நான் சின்ன யூனிட்டுகளுக்கும் மார்க்கர் போட்டுக் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. மொத்தமாக வாங்க வசதியில்லை. மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்த்து நாமே மாட்டிவிடலாம் என்றார். முதலில் ப்ராசசரை வாங்கி வந்தார். கையளவு பெட்டி. அதைப் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு மேல் வைத்தார்.

"ஏளா, இதத் தொடாத. இது மூளை. கை காலெல்லாம் ஒண்ணொண்ணா வரும்."

"தலைய மட்டும் தனியா வாங்கிட்டு வந்திருக்கீங்களே, நல்லாவா இருக்கு?" என்று நான் கேலி செய்தேன்.

அந்தக் கேலியை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதமே கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேனில் ஊருக்குக் கொண்டுபோனோம். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவரை வைத்தார்கள். நான் நாலு மாதம் ஊரில் கிடந்தேன். திரும்பி வந்தபோது கம்பெனியில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். பீரோவில் அந்தப் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

என் பெரியண்ணன் ஊரிலிருந்து வாரம் தவறாமல் போன் பண்ணுவார். "எதுக்குட்டி அங்கன ஒத்தையில கெடக்க? யாரு இருக்கா உனக்கு அங்க? வந்துரு." பாசத்தில் சொல்வதுதான். நானும் அதையே கேட்டுக்கொள்வேன். யார் இருக்கிறார்கள் எனக்கு இங்கே? அந்தச் சமயத்தில்தான் பூங்கொடி அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவரும் அவர் வீட்டுக்காரரும் குண்டடம் பக்கம் விவசாயத்தை விட்டுவிட்டு இங்கே சின்ன யூனிட் போட்டிருக்கிறார்கள். "ஊட்டுலயே ஒக்காந்து மார்க்கர் போட்டுக் குடுங்க. கம்ப்யூட்டர் மட்டும் நீங்க வெச்சுக்கோணும். புது ஆர்டர் வர்றதுக்குள்ள ரெடி பண்ணீருங்க, இல்லீன்னா நான் வேற ஆளப் பாக்கோணுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். கம்ப்யூட்டர் ஓடினால் இந்த ஊர், ஓடாவிட்டால் அண்ணன் வீட்டுப் பின்கட்டு. என் பிழைப்பு அவ்வளவுக்குச் சுருங்கியிருந்தது.

கார்த்தி கடையில் நான் நல்ல மாணவியாகத்தான் இருந்தேன். ப்ராசசர் உட்காரும் குழி மதர்போர்டில் அதற்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். ரேம் அட்டையின் வெட்டு போர்டின் வெட்டோடு பொருந்த வேண்டும், அடுத்த தலைமுறை ரேமை இதில் செருக முடியாது. எஸ்எம்பிஎஸ் என்கிற மின்பெட்டியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. "அது போனா தனியாப் போவாதுங்க, எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போவும்" என்றார். கேபினெட் என்கிற வெளிக்கூடு முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற வலை உள்ளதாக வேண்டும். எனக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. கழுத்தில் தைக்கிற ரிப் துணியும் உடல் துணியும் ஒரே அளவு சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே பனியன் கோணிக்கொள்ளும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல துணிதான்.

"ப்ராசசர் எந்த நம்பருங்க?" என்று கேட்டார். பெட்டியைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அவர் வைத்த இடத்திலேயே அது இருக்கட்டும் என்று எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து போயிருந்தேன். ஐந்து இலக்கம், சரியாகச் சொன்னேன். அதற்குப் பின்னால் ஒரு எஃப் இருந்தது, அதைச் சொல்லவில்லை. மறக்கவில்லை, தேவையில்லை என்று விட்டுவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஸ்டைல் நம்பருக்குப் பின்னால் வருகிற எழுத்து நிறத்தைத்தான் குறிக்கும். எந்த எழுத்து வந்தாலும் பேட்டர்ன் ஒன்றுதான், வெட்டும் ஒன்றுதான். இத்தனை வருஷம் அப்படிப் பார்த்துப் பழகிய கண் அந்த எஃப்பைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, போனில் வீடியோ பார்த்துக்கொண்டே மாட்டினேன். ப்ராசசர் பெட்டியில் ஒட்டியிருந்த சீலைக் கிழித்தேன். அவர் கடைசியாகத் தொட்டு வைத்த பொருளை நான் திறக்கிறேன். எல்லாவற்றையும் மாட்டி, மானிட்டரை இணைத்து, சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. போர்டில் விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்து மறைந்தது. பிறகு அந்தக் கறுப்பில் என் முகம்தான் தெரிந்தது.

ரேமைக் கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய மூளையை நான் கொன்றுவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இந்த வார்த்தைகளிலேயேதான் தோன்றியது. கடைக்குப் போய்க் கேட்கப் பயமாக இருந்தது, ஆமாம் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? அதனால் போகாமலே இருந்தேன். தினமும் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். சிறிது நேரத்தில் கேபினெட்டின் மேல்பக்கம் இளஞ்சூடாகும். அதில் கையை வைத்துக்கொள்வேன். அந்தச் சூடும் ஃபேன் சத்தமும் சேர்ந்து வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். பேசாமல், முகம் காட்டாமல், ஆனால் இருக்கிற ஆள். இரண்டொரு தடவை நான் "சாப்பிடுதீங்களா?" என்று கேட்டும் இருக்கிறேன். வீட்டுக்கார அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுக் கம்ப்யூட்டருங்களா? சினிமாப் படமெல்லாம் வருதுங்களா?" என்றார். "வருதுங்க" என்றேன். அவர் சந்தோஷமாகப் போனார்.

புது ஆர்டர் வந்துவிட்டது என்று பூங்கொடி அக்கா போன் பண்ணிய பிறகுதான், வேறு வழியில்லாமல் கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கார்த்தி கடைக்குப் போனேன். அவர் ஃபேனைக் கழற்றி, சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பசையை விலக்கி, ப்ராசசர் மேலே இருந்த எண்ணைப் பார்த்ததுமே நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"எஃப் போட்டதுங்களா இது! சொல்லவே இல்லீங்களே அக்கா. இதுக்குள்ள டிஸ்ப்ளே கிடையாதுங்க. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் படம் வரும்."

"செத்துப் போகலியா?"

"எங்கீங்க சாவுது! உள்ள எல்லாமே நல்லா ஓடிட்டுத்தானுங்க இருக்குது. வெளிய காட்டத்தானுங்க அதுக்கு வழியில்ல."

நான் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வகையை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். கேம் ஆடுகிறவர்கள் வாங்குவார்கள், எப்படியும் பெரிய கார்டு போடப் போகிறவர்களுக்கு உள்ளே டிஸ்ப்ளே இருப்பது வீண்தானே, அதனால் விலை கொஞ்சம் குறைவு என்றார். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மிக்கேலும் என்னைப் போல அந்த எழுத்தை நிறம் என்று நினைத்துத்தான் வாங்கினாரா? அல்லது தெரிந்தே வாங்கினாரா? கல்யாணத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை தோறும் நெட் கடையில் கார் பந்தயம் ஆடுவாராம், ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். என் வேலைக்கு என்று சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரில் தனக்கும் ஒரு சின்ன ஆசையை ஒளித்து வைத்திருந்தாரா? கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? நெஞ்சு வலியையே சொல்லாத மனுஷன் இதையா சொல்லியிருக்கப் போகிறார். பதினோரு வருஷம் கூட இருந்தும் அவர் செய்தது பிழையா ஆசையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறந்தவர்கள் வெள்ளைச் சேலையில் வருவார்கள் என்று நம் ஊரில் கதை சொல்வார்கள். என்னிடம் வந்தது இந்தக் கேள்விதான்.

கார்த்தி இரண்டு வழி சொன்னார். பழைய கார்டு ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் சின்ன ஃபேன் எங்கள் வீட்டுப் பஞ்சுக்கு ஆறு மாதம் தாங்காது, வேலை நடுவில் நின்றாலும் நிற்கும். இன்னொன்று, இந்த ப்ராசசரைக் கொடுத்துவிட்டு எஃப் இல்லாததை வாங்கிக்கொள்வது. வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும், இதற்கு அவரே ஆள் பார்த்துக்கொள்வார். மிக்கேல் வாங்கியதை வைத்துக்கொண்டால் வேலை நிலையில்லை. வேலை நிலைத்தால் அவர் வாங்கியது கையைவிட்டுப் போகும். வெகுநேரம் அந்தச் சதுரத் தகட்டைக் கையில் வைத்திருந்தேன். பிறகு, "மாத்திருங்க" என்றேன். கார்த்தி பழையதன் முதுகில் மிச்சமிருந்த பசையைத் துணியால் துடைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புதியதைப் போட்டதும் திரையில் படம் வந்தது. வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து மவுஸ் வாங்கப் போனபோது கார்த்தி சொன்னார். பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் அதை வாங்கிப் போனாராம். "லீவு நாளானா கார் ரேஸ்தானுங்க. சூப்பரா ஓடுதுங்களாமா." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை, செவ்வந்தி மாலை. மாற்றிவிட்டேன் என்று மிக்கேலிடம் மனதுக்குள் சொன்னேன். பிழையா ஆசையா என்றும் கேட்டேன். மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அண்ணன் என் தோளைத் தொட்டு, கல்லறைக்குப் பக்கத்தில் நாலு மூலையிலும் செங்கல் நட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டேன். இது உனக்குத்தான். அவர் பக்கத்துலயே. இனி எதுக்கும் கவலப்படாத."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பார். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. பூங்கொடி அக்கா. சனங்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நாலு எட்டுத் தள்ளிப் போய்ப் பேசினேன்.

"மார்க்கர்ல எக்ஸ்எல் சைஸ் ரெண்டு சேத்தோணுமுங்க, எப்ப அனுப்புவீங்க?"

"நாளைக்கு மத்தியானம் ஊட்டுக்குப் போயிருவனுங்கக்கா. போனதும் போட்டு அனுப்பீர்றனுங்க."

திரும்பினேன். அண்ணன் கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வீட்டுக்குப் போறட்டி?" என்றார், கோபமில்லாமல். நான் தலை குனிந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு காலும் அந்த நாலு செங்கல்லுக்கு உள்ளே இருந்தன.