எட்மண்டன் சந்திரவதனாவின் கண்

சந்திரவதனாவுக்குப் பொறாமை ஒரு நோய் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அது பொய். நோய் என்றால் இடையிடையே சுகமும் வரும்.

அவளுடைய பொறாமைக்கு முகவரி உண்டு: லண்டனின் ஹரோ. கணவன் பத்மநாதனின் தம்பி சுஜீத்தும் அவன் மனைவி மேனுஷாவும் அங்கே வீடு வாங்கியபோது தொடங்கியது. அதே லண்டனின் எட்மண்டன் ஃபிளாட்டில் இருந்துகொண்டு, சூப்பர்மார்க்கெட் ஷிப்ட் முடிந்து வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, அந்த வீட்டின் பின்வளவைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாதது மேனுஷாவின் இடுப்பு.

போன வருடம்வரை இருவரும் ஒரே பருமன். சட்டை மாற்றிப் போடுவார்கள். வைகாசியில் மேனுஷா தனியாகத் துருக்கிக்கு 'ஹொலிடே' போய் வந்தாள். அதற்குப் பிறகு மெழுகாய் உருகினாள்.

"எப்பிடியடி?"

"நடக்கிறன் அக்கா. குரக்கன் புட்டுச் சாப்பிடுறன்."

சந்திரவதனாவும் நடந்தாள். மழைக்குள் பார்க்கைச் சுற்றினாள். குரக்கனைக் கண்டால் குமட்டும்வரை தின்றாள். ஒரு அங்குலம் குறையவில்லை.

செவன் கிங்ஸ் பக்கம், பெரியபிள்ளையான ஒரு சொந்தக்காரப் பெட்டைக்குச் சாமத்திய வீடு. சேலை கட்டிவிடச் சொல்லி மேனுஷாதான் கூப்பிட்டாள். கொசுவத்தைச் செருகும்போது வயிற்றில் சின்னச் சின்னதாய்ப் பளபளக்கும் தழும்புகள் தெரிந்தன. நடந்தால் வயிற்றில் தையல் விழுமா? சந்திரவதனா கொசுவத்தைச் செருகி முடித்தாள். கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கியதுபோல அந்த இரகசியத்தை வைத்துக்கொண்டாள். நிறைந்த சபை ஒன்றில் துப்ப வேண்டும்.

அன்றிலிருந்து அவள் கண் மேனுஷாவை விட்டு அகலவில்லை. இரண்டு வாய் சாப்பாடு, உடனே கழிவறை, பிறகு குழாயைத் திறந்துவிடும் சத்தம். குசினித் தட்டில் தூசி படிந்த விற்றமின் போத்தில். கொஞ்ச நாளில் நடை மாறியது. படகில் நிற்பவள்போலக் காலை அகட்டி வைத்தாள். தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். புருஷன்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டான். அன்புக்கு நம்பிக்கை உண்டு, அதனால் அது அயர்ந்துவிடும். பொறாமை அயராது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஹரோவுக்கு வரச்சொல்லி அழைப்பு. மேனுஷா சோபாவில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு செம்பு குளுக்கோஸ் தண்ணி, வெள்ளரிசிக் கஞ்சி. பத்மநாதனின் தமக்கை யோகமலர் கண்ணூறு கழிக்கக் கையில் உப்பும் செத்தல் மிளகாயுமாக நின்றாள்.

"எரியிற கண்ணெல்லாம் எரிஞ்சு போகட்டும்," என்று மேனுஷாவைச் சுற்றினாள். பார்த்தது சந்திரவதனாவை.

மிளகாய் அடுப்பில் விழுந்தது. புகை அலாரம் வீரிட்டது. சுஜீத் குஷனால் விசிறினான். எல்லோரும் கண்ணீர் வர இருமினார்கள். இருமினால் கண்ணூறு இல்லை என்பது யோகமலர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த சட்டம். அன்றைக்குச் சட்டம் மாறியது.

"இவ்வளவு இருமல் எண்டால் எவ்வளவு பெரிய கண்!"

"என்ன மச்சாள், எனக்கே சொல்லுறியள்?"

"நான் பேர் சொன்னனானே? தொப்பி அளவெண்டால் போட்டுக்கொள்."

சந்திரவதனாவுக்கு உடம்பு பற்றியெரிந்தது. அதைவிட மோசம், ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. இவள் விழவேணும் என்று நினைத்தவள்தானே நான்? மூடநம்பிக்கையின் கொடுமை அதுதான். குற்றமில்லாதவளைக் கொண்டே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும்.

மேனுஷா தலையைத் தூக்கினாள். "அக்கா, ஏன் ரெண்டு பேராய் வந்து நிக்கிறியள்?"

முன்னால் நின்றது சந்திரவதனா ஒருத்தி. குனிந்து பார்த்தாள். மேனுஷாவின் கருமணிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன.

"சுஜீத், காரை எடு."

"அக்கா இப்பதான் கண்ணூறு கழிச்சவ, அண்ணி. நாளைக்கு டொக்டரிட்டக் காட்டுவம்."

"இவள் செத்தால் பழி என்ர கண்ணுக்கு. எடு காரை!"

அவசரப் பிரிவில் வந்த டாக்டர் பிரீத்தா சென்னைப் பெண். "குடிப்பாங்களா?"

"ஐயோ, இல்லை," என்றான் சுஜீத்.

"சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது?"

சுஜீத் நிலத்தைப் பார்த்தான். "இல்லை." யாரிடமும் சொல்வதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் பண்ணியிருந்தான்.

சபை நிறையவில்லை. ஒரு திரைச்சீலைக்குள் நாலு பேர். இவ்வளவு காலம் ஒதுக்கிவைத்த கற்கண்டு இங்கேயா கரையவேணும்? சந்திரவதனா மேனுஷாவின் கண்ணைப் பார்த்தாள். அது இன்னும் துடித்தது.

"வயித்தை வெட்டிச் சின்னனாக்கினவள். துருக்கியில. ஆவணியில இருந்து சத்தி. திண்டது தங்கிறேல்லை. விற்றமின் குளிசையை விட்டிட்டாள். நடை போய் ரெண்டு கிழமை. இப்ப ரெண்டு ரெண்டாய்த் தெரியுது. குளுக்கோஸ் தண்ணிதான் குடுக்கினம்."

சுஜீத் வாய் பிளந்தான். பிரீத்தா ஏற்கெனவே நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தயமின். பி-ஒன் விற்றமின். உடம்பு அதைச் சில வாரத்துக்கு மேல சேர்த்து வைக்காது. அது இல்லாம மாச்சத்தையும் சர்க்கரையையும் சக்தியா மாத்த முடியாது. முதல்ல அடிபடுறது மூளையும் நரம்பும். சும்மா குளுக்கோஸ் ஏத்தினா மிச்சமிருக்கறதும் தீர்ந்திடும். முதல்ல இதை நரம்புல போடணும்." திரும்பிப் பார்த்தாள். "நீங்க அக்காவா?"

"இல்லை. ஓர்ப்படியாள்."

"எவ்வளவு அக்கறையா கவனிச்சிருக்கீங்க!"



அடுத்த நாள் மேனுஷாவின் கண் துடிப்பு நின்றது. கால் தேற மாதங்கள் எடுத்தன. ஊன்றுகோலுடன் அவள் முதலில் வந்தது செவன் கிங்ஸில் ஒரு பிறந்தநாளுக்கு. அங்கே யோகமலர் சபை கூட்டியிருந்தாள்.

"அண்டைக்கு நான் கழிச்சதாலதான் உயிர் தப்பினவள். பட்டது என்ன, சாதாரண கண்ணோ!"

பெண்கள் சந்திரவதனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வசனம் போதும், சந்திரவதனா தப்பிக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மேனுஷாவின் நடுங்கும் கோலைப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

மேனுஷா எழும்பினாள்.

"மச்சாள், கண்ணுமில்லை, கத்தரிக்காயுமில்லை. நான் வயித்தை வெட்டினனான். வெக்கத்தில மறைச்சன். விற்றமின் இல்லாமல் விழுந்தன். சந்திராக்கா பாத்திருக்காட்டி நீங்கள் இப்ப என்ர படத்துக்கு மாலை போட்டிருப்பியள்."

சந்திரவதனாவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கி முடியவில்லை, பெண்கள் எல்லோரும் மேனுஷாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன தைரியம் பிள்ளை உனக்கு!" யோகமலர்கூடக் கண்ணைத் துடைத்தாள். சந்திரவதனாவுக்கு ஒரு கதிரைகூட யாரும் இழுத்துப் போடவில்லை. இதிலும் அவளுக்குத்தான் மாலை!

"அக்கா, இதில வந்து இருங்கோ," என்றாள் மேனுஷா.

இருந்தாள். பார்த்தாள். மேனுஷாவின் தட்டில் பி-ஒன் உள்ள சிவப்பரிசிப் புட்டு, பருப்பு. சரி.

"குளிசை போட்டனியோ?"

"போட்டன் அக்கா."

"பொய். கைப்பைக்குள்ள போத்தில் சீல்கூட உடைக்கேல்லை."

மேனுஷா சிரித்துக்கொண்டே போத்திலைத் திறந்தாள். குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை சந்திரவதனா கண்ணை எடுக்கவில்லை. பிறகு பார்வை தானாகக் கீழே போனது. அந்த இடுப்பு இன்னும் அப்படியேதான் இருந்தது.