குருசடிக்கு முன்னால் போட்ட மேசை

எங்கள் அப்பா காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததே இல்லை. சங்கு குளிக்கிறவர். காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் நடந்து சங்கு பொறுக்குவார். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்பார். அம்மா தைலம் தேய்த்துவிடுவாள். கடலுக்குள் இறங்குகிறவனுக்குத் தலை வலிக்காமல் பின்னே என்ன செய்யும் என்று அவரே சொல்லிவிடுவதால், எங்கள் வீட்டில் யாரும் அதை வியாதியாக நினைத்ததில்லை.

கீழவைப்பாரைத் தாண்டி இருந்த எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே சீட்டுக் கொடுக்கிற நேரத்தில் ஆண்கள் எல்லாரும் கடலில் இருப்பார்கள். அதனால் எங்கள் பங்குச்சாமி ஒரு நர்ஸ் சிஸ்டரை வரவழைத்து மாதம் ஒருமுறை கோயில் ஹாலில் முகாம் நடத்தினார். பெண்களும் பிள்ளைகளும் போனோம். ஆண்கள் வாசல்வரை வந்து, உள்ளே ஊசி போடுகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பிவிடுவார்கள். புயலில் வள்ளம் ஓட்டியவர்கள்தான் எல்லாரும்.

சிஸ்டருக்கு ஓட்டப்பிடாரம் பக்கம். கரிசல் காட்டில் பிறந்தவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனாலும் வள்ளம் ஏறுமுன் எல்லாரும் கரையிலுள்ள குருசடியில் நின்று சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பதை அவர் கவனித்து வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை விடியும்போதே குருசடிக்கு முன்னால் மேசையைப் போட்டு, பிரஷர் பார்க்கிற மெஷினோடு உட்கார்ந்துவிட்டார். கூடவே சாமியும்.

அப்பாவுக்குச் சாப்பாட்டு வாளி கொடுக்க அம்மாவும் நானும் போயிருந்தோம். யாரும் மேசைக்குக் கிட்டே போகவில்லை. சாமி அப்பாவைக் கூப்பிட்டார். ஊரில் அவரளவுக்கு ஆழத்தில் நிற்கிறவர் கிடையாது. அவர் கையை நீட்டினால் மற்றவர்களும் நீட்டுவார்கள் என்று சாமி நினைத்திருக்கலாம். அப்பாவுக்கும் அதில் பெருமைதான். வள்ளத்தில் அவருக்குக் குழாய் பிடிக்கிற என் மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மெஷின் உறுமி நின்றது. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். பிறகு அடுத்த கையில் கட்டினார். பேசாமல் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, திரும்பவும் பார்த்தார். இதற்குள் சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அண்ணாச்சி, இன்னைக்குக் கடலுக்குள்ள இறங்காதீங்க. கீழே இருக்கும்போது தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சுட்டா, மேல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

டவுன் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். டாக்டர் ஒரு மாத்திரையைப் போடச் சொல்லி, உடனே கூட்டி வரவும் சொன்னாராம். அப்பா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"கடலுக்குப் போயிட்டு வந்து டாக்டரைப் பார்க்கேன் சிஸ்டர்."

இறங்குவேன் என்றும் சொல்லவில்லை, இறங்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கினார், சிலுவையைத் தொட்டார், வள்ளத்தில் ஏறிவிட்டார். மற்றவர்களும் மேசையைச் சுற்றிக்கொண்டு அவரவர் வள்ளத்துக்குப் போனார்கள்.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. குருசடி நிழலில் உட்கார்ந்தவள், மாமாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் தன்மையாகச் சொன்னாள். அந்தக் குரலை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி வேறு எதையும் வெறுத்ததில்லை. கண்ணை மூடினால் எனக்குக் கடலடிதான் தெரிந்தது. மணலில் அப்பா கிடக்கிறார், மேலே மாமா ஒன்றும் தெரியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

காலை பஸ்ஸில் போயிருக்க வேண்டிய சிஸ்டர் போகவில்லை. மேசையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் கடுமையாக இருந்தது. தான் சொன்னதை அப்பா கேட்காததில் கோபம் போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தும் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வெயில் சாய்ந்தபோது வள்ளங்கள் வந்தன. எங்கள் வள்ளத்தின் அணியத்தில், எப்போதும் அப்பா நிற்கிற முன்பக்கத்தில், யாரும் இல்லை. அம்மா எழுந்து தண்ணீருக்குள் நடந்தாள். முழங்காலுக்கு மேல் சேலை நனைந்த பிறகுதான் எஞ்சின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தோம். அவர் தலைமுடி காய்ந்திருந்தது. மாமாதான் சொட்டச்சொட்ட நனைந்து, உதடு வெளுத்து நின்றார்.

"மச்சான் இறங்கலை. நாந்தான் இறங்கினேன். அவுஹ குழாய் பிடிச்சாஹ" என்றார் மாமா.

கூடையில் சங்கு கொஞ்சம்தான் கிடந்தது. பக்கத்து வள்ளத்துக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், அப்பாவையும் பார்த்தார்கள். அப்பா நேராக சிஸ்டரிடம் போய் நின்றார். சிஸ்டர் எழுந்து, முதுகைக் காட்டியபடி மெஷினைப் பைக்குள் வைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

சாமியின் காரில் டவுனுக்குப் போனோம். டாக்டர் அறைக்குள் அப்பாவும் அம்மாவும் மட்டும் போனார்கள். நானும் சிஸ்டரும் வெளியே இருந்தோம்; அவர் எனக்குப் பன்னும் டீயும் வாங்கித் தந்தார். அவர்கள் வெளியே வந்தபோது அப்பா நன்றாகத்தான் நடந்தார். கையில் மாத்திரைக் கவர் இருந்தது. அவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. இதற்கா இத்தனை பாடு?

வீடு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

"நாளைக்கழிச்சு இறங்குவீங்களாப்பா?" என்று கேட்டேன். மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போவதில்லை.

"பாப்போம் மக்கா" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அம்மா கொல்லைப்புறத்தில் அப்பாவின் முக்குளிக்கிற கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். ரப்பர் விளிம்பைக்கூட விடாமல் துடைத்தாள். பழைய சேலைத் துணியில் சுற்றி, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை எடுப்பதற்கு ஏன் அவ்வளவு உள்ளே வைக்கிறாள் என்று நினைத்தபடி, அவள் விழுந்துவிடாமல் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.