சீட்டில் உட்கார்ந்திருந்த கோளாறு

மெக்கானிக் என்றால் கை கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பார் அவர். மாலையில் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருகிறவர் மாதிரி இருப்பார். சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை, கால்சட்டைப் பையில் ஒன்று, பட்டறைச் சுவர் ஆணியில் ஒன்று. அதனால் அவருக்குக் கர்சீப் என்றே பெயர் விழுந்துவிட்டது. போனில் கூப்பிடுகிறவர்கள்கூட “கர்சீப் அண்ணனா?” என்றுதான் தொடங்குவார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளுக்குள் பெருமைதான்.

அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளில், பொறிக்கான கரண்டை விட்டு விட்டு அனுப்ப இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். அவற்றில் பொட்டு கிரீஸ் பட்டாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும். ஆகவே, துடைக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக் என்பது அன்றைக்கே அவர் மண்டையில் ஏறிவிட்டது. பிறகு அந்த முனைகள் போய், அந்த வேலையைச் செய்ய மாட்யூல் என்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. வண்டிகள் மாறின. அவர் துடைப்பது மாறவில்லை.

ஐஸ் கம்பெனிக்கு ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி இருந்தது. அதை ஓட்டியவன் அவருடைய மனைவியின் தம்பி. முதலாளியிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மச்சினன் நல்ல உழைப்பாளி, ஆனால் தூக்கப்பிரியன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வரும் பஸ்ஸிலும் தூங்கியவன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

கோடை தொடங்கியதும் அந்த வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். வெயில் ஏறி, இரண்டு மூன்று கடைகளுக்கு ஐஸ் இறக்கியதும் திடீரென்று அணைந்துவிடும். எவ்வளவு சாவி திருகினாலும் உயிர் வராது. நிழலில் கொஞ்ச நேரம் நின்றால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். அதற்குள் பின்னால் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஐஸ் பாதி தண்ணீராக ஒழுகியிருக்கும். மீன் கடைக்காரரும் ஜூஸ் கடைக்காரரும் முதலாளியிடம் முறையிட்டார்கள். வண்டி நின்றுவிட்டது என்று மச்சினன் சொன்னான். ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

முதலாளி கர்சீப்பை வரச் சொன்னார். முற்றத்தில் சுமை ஏற்றுகிற ஆட்கள் வட்டமாக நின்றார்கள். ஐஸ் வாங்க வந்த மீன் கடைக்காரரும் இருந்தார். வண்டி காலையிலிருந்து நிழலில் நின்றிருந்தது. கர்சீப் பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருகச் சொன்னார். நீலப் பொறி பட் பட்டென்று பாய்ந்தது. பொறிக்கான கரண்டைக் கூட்டித் தரும் காயிலை மீட்டரில் அளந்தார், சரியாக இருந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், எதுவும் தளரவில்லை. எஞ்சின் ஒரே தொடலில் கிளம்பியது.

மச்சினன் மெதுவாக, “மாமா, சூடா இருக்கறப்ப ஒரு தடவை பாருங்களேன்” என்றான்.

“எஞ்சின்னா சூடாத்தான் மாப்ள இருக்கும்.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஏதாவது நறுக்கென்று சொல்லத் தோன்றுமே, அதுதான் வினையாகப் போயிற்று.

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு சீட்டுல உக்காந்திருக்கு.”

முற்றமே சிரித்தது. முதலாளி சிரித்தார். மீன் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சினன் மட்டும் சீட்டிலிருந்து இறங்கி, சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். முதலாளி போகச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

அவன் மரவாடியில் பலகை சுமக்கப் போனான் என்று பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டான். மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கர்சீப்புக்குத் தேவலை என்றிருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பழக்கத்தில் ஒரு தட்டை அதிகமாக எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப அலமாரியில் வைப்பாள்.

வண்டியை முதலாளியின் அக்கா மகன் ஓட்ட ஆரம்பித்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வண்டி வழியில் நின்றது. மறுநாளும் நின்றது.

“இவன் ராத்திரியிலயே தூங்க மாட்டான், கர்சீப்பு. பகல்லயா தூங்குவான்?” என்றார் முதலாளி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் கர்சீப் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். ஜூஸ் கடையைத் தாண்டிய மேட்டில் எஞ்சின் அணைந்தது. பிளக் ஒயரைப் பிடித்துப் பார்த்தார். பொறியே இல்லை. காயிலுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்தது, ஒயர்கள் ஒழுங்காக இருந்தன, பெட்ரோல் இருந்தது. மீதி இருந்தது மாட்யூல் ஒன்றுதான். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் திருகி வைத்திருந்த அதைத் தொட்டவர், சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். சாக்கை விலக்கி ஒரு துண்டு ஐஸை உடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கைக்குட்டையில் சுற்றி அதன்மேல் அழுத்திப் பிடித்தார். கொஞ்சம் பொறுத்து, “திருப்பு” என்றார்.

எஞ்சின் ஒரே தொடலில் கிளம்பியது.

மருந்தான ஐஸை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் நின்று நின்று போயிருக்கிறான் மச்சினன் என்று நினைத்துக்கொண்டே கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். என்ன கோளாறு என்று புது டிரைவர் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. ஒரு ஒயர் லூசா இருந்துச்சு.”

பொய் அவ்வளவு லேசாக வந்ததே என்று வழியெல்லாம் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தனியாக நின்று மாட்யூலைக் கழற்றினார். அது உட்காரும் உலோகத் தளம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பார்த்ததும் கோடைக்கு முன்னால் செய்த சர்வீஸ் நினைவுக்கு வந்தது. அன்று அங்கே வெள்ளையாக ஒரு பசை அப்பிக் கிடந்தது. எந்த அழுக்கு மூட்டை இப்படிப் பூசி வைத்தான் என்று திட்டிக்கொண்டே அவர்தான் சுத்தமாக வழித்தெடுத்தார். மாட்யூலின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தி அதைக் காப்பாற்றுவது அந்தப் பசைதான் என்று இப்போது புரிந்தது. பசை இல்லாததால் சூடு உள்ளேயே தங்கி, மாட்யூல் மயங்கி விழுந்திருக்கிறது. ஆறியதும் எழுந்திருக்கிறது.

இழுப்பறையைத் திறந்தார். புது மாட்யூல் வாங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் வந்த குட்டி டியூப்கள், ஏதோ இலவசப் பசை என்று நினைத்து ஒதுக்கியவை, ஒன்றுகூடப் பிரிக்காமல் வரிசையாக அடுக்கியிருந்தன. அடுக்கியவரும் அவர்தான்.

ஒரு டியூபைப் பிரித்துத் தடவினார். வண்டி சரியாகிவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததும், தன்னையே யாரோ ஒட்டுக்கேட்டது போலக் கூசிப்போனார்.

விரலில் வெள்ளையோடு வீட்டுக்கு வந்த அவரை மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள். கையில் என்ன என்று கேட்டாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“சூடா இருக்கறப்ப பாருங்கன்னு அவன் அன்னிக்கே சொன்னானாமே.”

மறுநாள் மரவாடிக்குப் போனார். மச்சினன் தோளில் துண்டை மடித்துப் போட்டுப் பலகை இறக்கிக்கொண்டிருந்தான். தோள் உரிந்து சிவந்திருந்தது. கர்சீப், மாட்யூல், பசை, சர்வீஸ் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தார். தப்பு தன்னுடையது என்றார்.

“இதை ஏன் மாமா எங்கிட்ட சொல்றீங்க? நான் தூங்கலன்னு எனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த பலகையைத் தூக்கினான்.

அன்றே ஐஸ் கம்பெனிக்குப் போனார். அதே முற்றம், சுமை ஏற்றுகிற அதே ஆட்கள்; மீன் கடைக்காரர் மட்டும் அன்று இல்லை. முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று கால் ஒரு கணம் அறைப்பக்கம் திரும்பியது. பிறகு முற்றத்தின் நடுவிலேயே நின்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தலையைச் சொறிந்தார். வண்டியைக் கண்டாலே அக்கா மகன் ஓடுகிறான், உங்கள் மச்சினனையே வரச் சொல்லுங்கள் என்றார்.

மச்சினன் திரும்ப வண்டியில் ஏறினான். வண்டியும் நிற்கவில்லை. ஆனால் அவர் முற்றத்தில் சொன்ன உண்மை வாசலைத் தாண்டவே இல்லை. முன்பு சொன்ன கேலியோ எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்து குடியேறியிருந்தது. ஐஸ் வண்டி வந்தாலே, “சீட்டுக் கோளாறு வந்துடுச்சு, முழிச்சிருக்கானான்னு பாரு” என்கிறார்களாம். அக்காவிடம் அவன் இதைச் சொல்லி வருத்தப்படவில்லை. ஜூஸ் கடைக்காரரின் வாய் வழியாகத்தான் கர்சீப்பின் காதுக்கு வந்தது.

அடுத்த நாள் காலை பட்டறையைத் திறக்காமல், ஐஸ் ஏற்றிய வண்டியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மச்சினன் ஏன் என்று கேட்கவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

முதல் கடையில் ஐஸ் இறங்கும்போது அவரும் இறங்கினார். கடைக்காரரிடம் போய், வண்டியைக் கெடுத்தது நான், இவன் ஒருநாளும் தூங்கவில்லை என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரி சரி என்று தலையாட்டினார். இரண்டாவது கடையில் கூட்டமாக இருந்தது. காத்திருந்து சொன்னார். முகம் எரிந்தது. ஜூஸ் கடையில், எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்ததைத் தாங்க முடியவில்லை. அங்கேயும் சொன்னார்.

மீன் கடையில்தான் நேரமாகிவிட்டது. கடைக்காரர் மறுபடி மறுபடி கேட்டார். பசையாவது சூடாவது, கர்சீப்பா இப்படிச் செய்தது என்று பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டார். அவர்களுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. குனிந்த தலையோடு மாட்யூல் என்றால் என்ன என்பதிலிருந்து அவர் மீண்டும் ஆரம்பித்தபோது, பின்னால் ஹார்ன் அடித்தது.

மச்சினன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தான்.

“மாமா, நீங்க பேசியே மிச்ச ஐஸையும் கரைச்சிடுவீங்க. வந்து ஏறுங்க, இன்னும் ஆறு கடை இருக்கு.”