ஆளில்லாமல் வந்த குதிரை

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ராசன் அண்ணையின் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, இத்தாலிக்குப் போய் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சியெனா நகரச் சதுக்கத்தில் பழங்காலந்தொட்டு நடக்கும் குதிரைப் பந்தயம் பார்த்த கதை. மகள் எடுத்த வீடியோவைக் காட்டினேன். வளைவில் ஒருவன் குதிரையிலிருந்து விழுகிறான். குதிரை நிற்காமல் ஓடி முதலாவதாக வருகிறது.

"ஆளில்லாமல் வந்தாலும் வெற்றியோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. அங்கை குதிரை வந்தால் காணும், ஆள் தேவையில்லை."

ஊரில் என் பெரியப்பா வண்டிப் பந்தயத்துக்கெனச் சவாரி மாடுகள் வளர்த்தவர். அவற்றின் கழுத்து மணிகளைப் பழப்புளி போட்டுத் தானே மினுக்குவார். ஒழுங்கை முனையில் மணி கேட்டதுமே பெரியம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பா. சண்டைக் காலத்தில் ஒருநாள் அந்த மாடுகளை வண்டியில் பூட்டிக்கொண்டு விறகுக்குப் போனார். பின்னேரம் மணி கேட்டது. பெரியம்மா கேத்திலில் தண்ணி வைத்தா. மாடுகள் வழக்கமான இடத்தில் வந்து நின்றன. வண்டியில் விறகு அடுக்கினபடியே இருந்தது. பிடிகயிறு நிலத்தில் இழுபட்டுக் கிடந்தது. தண்ணி வற்றிக் கேத்தில் கருகும்வரை ஒருத்தரும் அடுப்படிக்குப் போகவில்லை. பெரியப்பா பிறகும் வரவில்லை.

அண்ணை வீடியோவைத் திருப்பிப் போட்டார். ஓரத்தில் நான் நிற்பது தெரிந்தது.

"எல்லாரும் குதிரையைப் பாக்கினம். நீர் ஏன் அங்காலை பாக்கிறீர்?"

"விழுந்தவன் எழும்பி வாறானோ எண்டு."

"வந்தவனோ?"

"ஓம், நொண்டி நொண்டி வந்தவன். மகள் அதுக்கு முதலே வீடியோவை நிப்பாட்டிப்போட்டாள்."